நாலாவது தட்டு

தையல்காரி அந்தக் கட்டடத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. அக்காவின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, குடித்தவளைப் போலத் தள்ளாடியபடி வந்தாள்.

குடிக்கவெல்லாம் இல்லை. எட்டு மாதத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இரண்டு காதுகளையும் வாரிக்கொண்டு போயிருந்தது. காதோடு விட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். உடம்பின் நிதானத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. சமதரையில் நடந்தாலும் படகில் நடப்பது போல இருக்கும். முப்பத்தாறு வயதில் சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளியலறைக்குப் போக வேண்டிய நிலைமை. உட்கார்ந்து செய்கிற தொழில் என்பதால் தையல் மட்டும் தப்பியது.

"காதுக்கு இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல. காலையாவது காப்பாத்திக்குங்க" என்று டாக்டர் ஒரு சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்திருந்தார். காது கேளாதவர்களுக்கு உடல் அசைவின் வழியாகத் தாளம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு.

"காது கேக்காதவளுக்குத் தாளமா? அந்த டாக்டர் என்னை வச்சு வேடிக்கை பண்றாரு" என்றாள் வாசலில் நின்று. தன் குரலின் அளவு அவளுக்கு இப்போதெல்லாம் தெரிவதில்லை. தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவள் முகத்துக்கு நேராக வந்து, உதட்டைப் பிரித்துப் பிரித்துச் சொன்னாள்: "மெதுவாப் பேசுடி. அந்த டாக்டருக்கே கேட்டிருக்கும்."

உயரமான ஜன்னல்கள் வைத்த ஒற்றை மாடிக் கட்டடம் அது. முன்பு பள்ளிக்கூடமாக இருந்ததாம். பிறகு பல வருடம் பூட்டிக் கிடந்து, பிறகு பழைய சாமான் போடும் கிடங்காகி, இப்போது அதன் பெரிய கூடம் மட்டும் வகுப்புக்காகத் திறந்திருக்கிறது. உள்ளே போனதும் ஃபினாயில் வாசனை அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. ஈரத்தில் ஊறிய சாக்பீஸ் மாதிரி. எத்தனை முறை கழுவினாலும் போகாத வாசனை.

கூடத்தின் தரை முழுக்கப் பலகை. மண்ணிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கி அடித்த பலகைகள். கீழே வெற்றிடம். கோடியில் இரண்டு படி வைத்த ஒரு சின்ன மேடை.

டீச்சர் முப்பதைத் தொடாத பெண். அவளுக்குக் காது கேட்கும், ஆனால் கையால் பேசுவதில் அங்கிருந்த எவருக்கும் சளைத்தவள் அல்ல. செருப்பைக் கழற்றச் சொன்னாள். ஒரு பெரிய டிரம்மைத் தரையில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"கண்ணை மூடிக்குங்க. காலால கேளுங்க" என்று காட்டிவிட்டு அடித்தாள்.

தையல்காரிக்கு உடம்பு சிலிர்த்தது. எட்டு மாதமாகச் செத்துப் போயிருந்த உலகம் குதிகால் வழியாக ஏறி, கெண்டைக்கால் எலும்பைத் தொட்டு, முழங்காலில் வந்து நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சின்ன அடி விரல்களில் தெரிந்தது. பெரிய அடி இடுப்பு வரைக்கும் வந்தது.

அங்கே ஏழு பேர் இருந்தார்கள். அவளோடு எட்டு. ஒரு அடிக்கு ஒரு தப்படி வைக்க வேண்டும். டிரம் வேகமெடுத்தால் ஓட வேண்டும். நின்றால், காலைத் தூக்கினபடியே நிற்க வேண்டும். 'ஒன்று' வரும்போது கையிலிருக்கும் பந்தைப் பக்கத்து ஆளிடம் வீச வேண்டும். முதல் சுற்றில் இரண்டு முறை விழுந்தாள். மூன்றாவது சுற்றில் யோசிப்பதை விட்டுவிட்டாள். அடுத்த அடி எப்போது வரும் என்பது உடம்புக்கே தெரிந்துபோயிற்று. அந்த அடிக்காகக் கால் முன்னால் போய்க் காத்திருந்தது.

கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நேராக நடந்தாள். சுவரும் இல்லை, தோளும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்த அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அது தெரிந்தது.

ஒவ்வொரு நான்காவது அடியிலும் இன்னொரு குத்து. டிரம்மின் அடி அகலமானது, உருண்டையானது. இது ஊசி மாதிரி இறங்கியது. ஒரு கம்பின் நுனியைப் பலகையில் குத்தினால் எப்படி இருக்கும், அப்படி. மேடைப் பக்கமிருந்து வந்தது.

டீச்சர் காலால் தட்டுகிறாள் போலும் என்று நினைத்து அவளைப் பார்த்தாள்.

டீச்சர் டிரம்மை விட்டு எழுந்து ஜன்னலோரம் நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் தூக்கிக் கூந்தலை முடிந்துகொண்டிருந்தாள்.

டிரம் நின்றுபோயிருந்தது.

தரை நிற்கவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. குத்து.

"யாரு தட்டுறது?" என்று வாய் விட்டே கேட்டாள். டீச்சர் திரும்பி, புரியாமல், "யாரும் தட்டலையே" என்று கை விரித்தாள். மற்ற ஏழு பேரும் அவரவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வகுப்பு முடிந்ததும் வெளியே குழாயடியில் மெக்கானிக் அவளிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பிறவியிலேயே கேட்காதவர். இன்ஜின் மேல் கை வைத்தே கோளாறு சொல்லிவிடுவார் என்று ஊரெல்லாம் பேர். விரல் மொளிகள் மட்டும் ஏதோ நசுங்கினவை போலத் தட்டையாக இருந்தன. இந்த எட்டு மாதத்தில் தையல்காரி கற்றிருந்த அரைகுறைக் கைப்பேச்சுக்கு ஏற்றபடி அவர் நிதானமாகச் சொன்னார்.

"உனக்கும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. என்ன அது?"

அவர் இரண்டு விரலை மடக்கித் தன் மணிக்கட்டில் தட்டிக் காட்டினார். "இதுதான் அவ பேரு. நாங்க வச்ச பேரு. இது எங்க ஸ்கூலு. அவ டிரில் மிஸ்."

கையால் பேசக் கூடாது என்பது அந்தப் பள்ளியின் சட்டமாம். வாயால்தான் பேச வேண்டும். வராத வாயை வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்ன செய்யும்? கை தானாக எழும்பும். அதனால் காலையில் வந்ததும் டிரில் மிஸ் எல்லாப் பிள்ளைகளின் மணிக்கட்டுகளையும் வெள்ளை நாடாவால் சேர்த்துக் கட்டிவிடுவாள். அப்படியே வரிசையாக இந்தக் கூடத்தில் நடக்க வைப்பாள். மேடை மேல் நின்று கம்பால் தட்டுவாள். நான்காவது தட்டில் எல்லாக் காலும் ஒன்றாக விழ வேண்டும். தப்பினவனுக்கு, கட்டின கையிலேயே, மொளியில் விழும்.

"அவ செத்து இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றார் மெக்கானிக். "நான் போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன். செத்துட்டாளான்னு."

"அப்புறம் ஏன் இங்க வர்றீங்க?"

மெக்கானிக் கூடத்தின் பக்கம் கையைக் காட்டினார். பிறகு சிரித்தார். "இந்த டீச்சர் இங்க கையை ஆட்டிப் பேசுறா பாரு. அந்த மேடை மேலேயே நின்னு பேசுறா. அதைப் பார்க்கத்தான் வர்றேன்."

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் தையல்காரியின் நடை தேறியது. வீட்டுக்குள் தனியாக நடந்தாள். தெருமுனைக் கடை வரைக்கும் போய் வந்தாள். ஆனால் தரையும் சும்மா இருக்கவில்லை.

மூன்றாவது வாரம் டீச்சர் மூன்றடித் தாளத்தை எடுத்தாள். டிரம் மூன்று அடித்தது. எட்டு பேரும் நான்கு நடந்தார்கள். மறுபடி அடித்தாள். மறுபடியும் நான்கு. மனது மூன்றில் நிற்க, கால் மட்டும் யாரோ கயிறு கட்டி இழுப்பது போல இன்னொரு எட்டு வைத்தது. வேண்டுமென்றே காலை ஊன்றி நின்று பார்த்தாள் தையல்காரி. வலது கை மொளியில் சுரீரென்றது. பார்த்தால், பிரம்பு பட்டது போலச் சிவப்பாக ஒரு கோடு.

கடைசியில் டீச்சரிடம் சொல்லிவிட்டார்கள். டீச்சர் மண்டியிட்டுத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காதையும் வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா எட்டு பேரும் சேர்ந்து பொய் சொல்லமாட்டீங்க. வேற இடம் பார்க்கட்டுமா?"

வேறு இடமெல்லாம் சிமெண்ட் தரை. அதில் டிரம்மின் அதிர்வு காலில் ஏறாது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் தலையை ஆட்டி மறுத்தது மெக்கானிக். அடுத்தது தையல்காரி.

அதுவரை கூடத்தோடு இருந்தது, அந்த வாரம் வீட்டுக்கும் வந்தது. ஒரு பள்ளிச் சீருடைச் சட்டையைத் தைத்து முடித்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒவ்வொரு நான்காவது தையலும் விட்டுப்போயிருந்தது. காலர் முழுக்க அப்படி. கை முழுக்க அப்படி. மிஷினில் ஒரு குறையும் இல்லை. மிதித்தது அவள் கால்தான்.

அக்கா சட்டையைப் பிடுங்கித் தூர எறிந்தாள். "போதும்டி. இனி அங்க போக வேண்டாம். இந்தக் காலு உன்னுதா, அவளுதா?"

"அதைத்தான் நானும் தெரிஞ்சுக்கணும்."

"வீம்புக்குப் போறியா?"

"ஆமா, வீம்புதான்" என்றாள் தையல்காரி. "எட்டு மாசமா உன் தோளைப் பிடிச்சுட்டே நடந்தேன். அந்தத் தரையிலதான்க்கா நான் நேரா நடந்தேன். எவளோ செத்துப்போனவ கம்பைத் தட்டுறான்னு அதை விட்டுட்டு வரணுமா? முடியாது."

அக்காவுக்குத் தங்கையை நன்றாகத் தெரியும். அடுத்த சனிக்கிழமை குடையையும் டார்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் கிளம்பி நின்றாள்.

அன்றைக்கு மதியத்திலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. ஐந்து மணிக்கே கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. டீச்சரும் லேசுப்பட்டவள் இல்லை. மூன்று வரவில்லையா, சரி, ஏழு என்று ஆரம்பித்தாள்.

"தகிட, தகதிமி. முதல் மூணுக்குக் குதிகால். அடுத்த நாலுக்கு முழுப் பாதம். உடம்பை முன்னால சாய்ச்சு, பின்னால சாய்ச்சு. எண்ணாதீங்க. சாயுங்க."

குதிகால் மூன்று, பாதம் நான்கு. கோணல்மாணலான நடைதான். ஆனால் நொண்டி நொண்டி ஒரு வட்டம் வந்ததும் அதில் ஒரு ஊஞ்சல் இருப்பது தெரிந்தது. தையல்காரிக்குப் பிடித்துப்போயிற்று. தள்ளாட்டமே நடையாகிவிட்டது போல ஒரு சந்தோஷம். ஏழாவது தப்படி விழுந்த கையோடு ஜன்னல்களில் மின்னல் வெட்டியது.

விளக்கு அணைந்தது.

காது கேட்பவர்களுக்கு இருட்டு என்றால் கண் மட்டும்தான் போகும். யாராவது கூப்பிட்டால் திரும்பலாம். அந்த எட்டு பேருக்கு இருட்டு வந்தால் பேச்சும் போய்விடும். கையும் தெரியாது, உதடும் தெரியாது. அவரவர் உடம்புக்குள் அவரவர் பூட்டப்பட்டது போல.

மீதி இருப்பது தரை மட்டும்தான்.

தரை தட்டியது.

ஒன்று. இரண்டு. மூன்று. குத்து.

இதற்கு முன் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும் அளவுக்கு இறங்கியது அந்தக் குத்து. பல் வரைக்கும் அதிர்ந்தது. தையல்காரியின் கால் அவளைக் கேட்காமல் எழுந்தது. முன்னால் போனது. மறுகாலும் போனது. பக்கத்தில் யாரையாவது பிடிக்கலாம் என்று கையை நீட்டினாள்.

கை நீளவில்லை.

இரண்டு மணிக்கட்டுகளும் வயிற்றுக்கு முன்னால் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. குளிர்ந்த, ஈரமான, தட்டையான ஏதோ ஒன்று சுற்றிச் சுற்றி இறுகியது.

நாடா.

சாக்பீஸ் வாசனை மூக்கை அடைத்தது. வரிசை நகர்ந்தது. மேடையை நோக்கித்தான் போகிறது என்பது காற்று சில்லிட்டுக்கொண்டே வந்ததில் தெரிந்தது. முன்னால் கிரீஸ் வாடை. மெக்கானிக். அவருடைய முதுகு அவள் மணிக்கட்டில் உரசியது. அந்த முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. ஐம்பது வயது ஆம்பளை, பேரன் எடுத்தவர், ஏழு வயதுப் பிள்ளையைப் போல வெடவெடவென்று நடுங்கினார். நடுங்கிக்கொண்டே கால் தப்பாமல் நடந்தார்.

தையல்காரிக்கு அதுவரை இருந்தது பயம். அந்த நடுக்கம் கையில் பட்டதும் அது கோபமாகிவிட்டது.

கையைத்தானே கட்டினாய்?

நான்காவது குத்து விழுந்தபோது அவள் காலை வைக்கவில்லை. மொளியில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் தெறித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு குதிகாலை ஓங்கினாள்.

தகிட.

கால் நான்குக்கு இழுத்தது. இடுப்பைச் சாய்த்தாள். டீச்சர் சொன்னபடி எண்ணவில்லை, சாய்ந்தாள். எட்டு மாதம் அவளைக் கீழே தள்ளிக்கொண்டிருந்த அதே தள்ளாட்டத்தில் உடம்பை விட்டாள்.

தகதிமி.

மொளியில் மறுபடி விழுந்தது. மறுபடி. ஓங்கி மிதித்தாள். குதிகால் மூன்று. பாதம் நான்கு. பலகை எழும்பி எழும்பி விழுந்தது. மூன்றாவது சுற்றில் முன்னால் இருந்த முதுகு நின்றது. நடுக்கமும் நின்றது. பிறகு அவளுடைய குதிகாலுக்குப் பக்கத்தில் இன்னொரு குதிகால் விழுந்தது. கனமான குதிகால். அவர் அவளைக் கேட்டுவிட்டார். கால் வழியாகக் கேட்டுவிட்டார்.

அடுத்தது இன்னொருவர். அடுத்தது இரண்டு பேர். இருட்டில் யாருக்கும் யாரும் தெரியவில்லை. ஆனால் எட்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரிந்துபோனார்கள்.

தகிட தகதிமி. தகிட தகதிமி.

கம்பு வேகமெடுத்தது. நான்கு, நான்கு, நான்கு என்று விரட்டியது. அவர்கள் விரட்டலுக்கு ஓடவில்லை. டிரில் மிஸ் நான்கு முடிக்கும்போது இவர்கள் பாதி வழியில் இருந்தார்கள். இவர்கள் முடிக்கும்போது அவள் எங்கேயோ இருந்தாள். கம்பு ஒரு இடத்தில் தடுமாறியது. ஐந்தில் விழுந்தது. பிறகு மூன்றில். பிறகு தாளமே இல்லாமல், கிறுக்குப் பிடித்தது போலப் பலகையைக் கண்டபடி குத்தியது.

"இது எங்க தரைடி!" என்று தையல்காரி கத்தினாள். தொண்டை கிழிகிற அளவுக்குக் கத்தினாள் என்பது தொண்டை எரிந்ததில் தெரிந்தது. "உன் கம்பை எடுத்துட்டுப் போடி!"

மணிக்கட்டு சட்டென்று தளர்ந்தது.

அக்கா பிறகு சொன்னது இதுதான். கரண்ட் போனதும் டார்ச்சை அடித்தாளாம்; உள்ளே இருந்த எவருக்கும் அந்த வெளிச்சம் தெரிந்திருக்கவில்லை. எட்டு பேரும் கையைக் கட்டினவர்கள் மாதிரி வைத்துக்கொண்டு வரிசையாக மேடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்களாம். "மழையையும் உங்க காலடியையும் தவிர ஒண்ணும் கேக்கலடி. அந்தக் காலடிகூட எட்டு பேருது மாதிரி இல்ல. ஒரே ஒரு ஆளுது மாதிரி இருந்துச்சு. டார்ச் கேட்டு வாசலுக்கு ஓடி வந்த டீச்சரும் நானும் உள்ள வரப் பார்த்தோம். வாசப்படியைத் தாண்ட முடியல. நீ குதிக்க ஆரம்பிச்சப்புறம்தான் எங்களால தாண்ட முடிஞ்சுது."

எட்டு பேரின் மணிக்கட்டிலும் நாடா அகலத்துக்கு ஒரு தடம் இருந்தது. மூன்று நாளில் மறைந்தது.

டீச்சர் அழுதாள். வேண்டாம், விட்டுவிடலாம் என்றாள். ஒருவரும் ஒப்பவில்லை. மறுவாரம் மெக்கானிக் கடப்பாரையோடு வந்து மேடைக்கு முன்னாலிருந்த நான்கு பலகைகளைப் பெயர்த்துப் பார்த்தார். உலர்ந்த மண்ணும் ஒட்டடையும்தான். வேறொன்றும் இல்லை. பலகையைப் பழையபடி அடித்துவிட்டு, மேடை மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் வீசி வீசி அந்த டிரில் மிஸ்ஸிடம் ஏதோ நீளமாகப் பேசினார். என்ன சொன்னார் என்று இங்கே எழுத முடியாது. பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அதன்பிறகு இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. மூன்றும் வந்தது, ஐந்தும் வந்தது. தையல்காரி பஸ்ஸில் தனியாக ஏறி வகுப்புக்கு வந்தாள்.

போன சனிக்கிழமை இடைவேளையில் எட்டு பேரும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தரையை அப்போதுதான் துடைத்திருந்ததால் எல்லோரும் காலைத் தூக்கி நாற்காலிச் சட்டத்தில் வைத்திருந்தார்கள். டீச்சரும் அக்காவும் வெளியே குழாயடியில் நின்றார்கள். தையல்காரி தண்ணீர்ப் பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோனவள், அப்படியே நிறுத்தினாள்.

நாற்காலிக் கால் வழியாக ஏறியது.

சின்னப் பாதங்கள். வெறும் பாதங்கள். பத்தா, இருபதா, தெரியவில்லை. ரொம்ப லேசானவை.

குதிகால் மூன்று. பாதம் ஐந்து. தப்பு. நின்றது. கொஞ்சம் குசுகுசுவென்று ஒரு சலசலப்பு, இடம் மாறி நிற்பது போல. மறுபடி ஆரம்பித்தது. குதிகால் மூன்று. பாதம் நான்கு.

சரி.

மறுபடி. சரி.

யாரும் அசையவில்லை. மெக்கானிக்கின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

மேடைப் பக்கமிருந்து கம்பு ஒரு முறை குத்தியது.

பாதங்கள் நிற்கவில்லை.